ஆயுத பூஜையன்று ஓடிய லைன்

போன வாரம் ஒரு முழுக் காலைப்பொழுதையும் டெலிபோன் சங்கீதம் கேட்டே கழித்தேன். வீட்டில் வாஷிங் மெஷின் மக்கர் செய்தது. கம்பெனிக்குப் போன் போட்டால், “தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்” என்றது ஒரு பெண் குரல். மரியாதையாகச் சொன்னால் நான் எதையும் செய்துவிடுவேன். போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவினேன், பருப்பை வேகவைத்தேன், தாளித்தும் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் அலுக்காமல் லைனில் இருக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த என் மகன் எழுந்து வந்து, “ஆன்லைன்ல போட்டா முடிஞ்சுது. நீ இன்னாத்துக்கும்மா லைன்ல காத்துகினு கீற?” என்றான்.

‘லைன்’ என்ற இந்த ஒரு சொல் ஒரே காலையில் எத்தனை வேலை பார்க்கிறது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கடைசியில் போனை அணைத்துவிட்டுத் தெருமுனை மோட்டார் கடைக்கே நடந்தேன். கடைக்காரர் ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டி, வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்திருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், போன காரியம் மறந்துபோனது. வார்னிஷ் வாசனை உங்களுக்குத் தலைவலியைத் தரலாம். எனக்கு அது பத்தொன்பது வயதின் வாசனை.

அந்த வயதுக்குப் போகும் முன்னால் இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். காற்று வாட்டமாக இருந்தால் முருகன் கோயில் மணி கேட்கும். அங்கே எனக்கு முதலில் பழக்கமான லைன் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. “லைன் போட்டதா, போடாததா?” என்று கடைக்காரர் கேட்பார். எங்கள் வீட்டில் எப்போதும் போடாததுதான். அதில் நெருக்கி எழுதினால் இரண்டு பாடம் கொள்ளும் என்பது அம்மாவின் எண்ணம். என் கையெழுத்து இன்றுவரை மேடேறிப் பள்ளமிறங்குவதற்கு அதுதான் காரணம் என்று சொல்லித் தப்பித்து வருகிறேன்.

அடுத்தது கரண்ட் லைன். மழைக்காலத்தில் ஒரு காற்று அடித்தால் போதும், லைன் போய்விடும். பிறகு லைன்மேன் சைக்கிளில் வருவார். அவர் வருகிற அன்றைக்கு ஊர்ப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் இரண்டாவது நாற்காலிதான். அவர் கம்பத்தில் ஏறியதும் பம்ப் செட்டுக்காரர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கோபுரத்துக்குக்கூட அவர்கள் அவ்வளவு நேரம் அண்ணாந்ததில்லை. போஸ்ட் ஆபீஸில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு ‘லைன் கிடைக்கவில்லை’ என்று திரும்பி வருவதும், சொன்ன பேச்சுக்கு ஒருவன் ஒத்துக்கொண்டால் ‘லைனுக்கு வந்துட்டான்’ என்பதும் அந்தக் காலத்துப் பேச்சுத்தான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பையன்கள் லைன் விடுவார்கள். என் தோழி எஸ்தருக்கு ஒருவன் விடாமல் லைன் விட்டுக்கொண்டே சைக்கிளில் நாங்கள் பிறகு வேலை பார்த்த கம்பெனி கேட் வரைக்கும் வந்தான். அவள் திரும்பி, “வந்ததுதான் வந்த, உள்ள வந்து ரெண்டு பெட்டி தூக்கிப் போட்டுட்டுப் போ” என்றாள். அதோடு அந்தச் சைக்கிளைக் காணவில்லை.

எஸ்தர் குடியிருந்தது சுங்குவார்சத்திரத்தில் ஒரு லைன் வீட்டில். ஒரே ஓட்டுக் கூரை, ஒரே நீளச் சுவர், வரிசையாக வாசல்கள். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் எல்லா வீட்டிலும் சோறு கூடுதலாக இறங்கும். தமிழில் கோடு என்று நமக்கு நல்ல சொல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டு வீட்டில் குடியிருக்க முடியுமா, கோடு விட முடியுமா, கோடு கிடைக்கவில்லை என்று போஸ்ட் ஆபீஸிலிருந்து திரும்ப முடியுமா? இரண்டே எழுத்து. வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல்தான். தன் சொல் எங்கள் பக்கத்தில் இத்தனை வேலை பார்க்கும் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இவ்வளவு லைன்களிலும் பெரிய லைன் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகமே சொன்னது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஜீப்பும் போலீஸும் போன பாடில்லை. பெண் பிள்ளைகளை ரோட்டுப் பக்கம் அனுப்பவே எல்லோரும் பயந்தார்கள். அந்தப் பயம் கொஞ்சம் அடங்கிய ஆடி மாதத்தில், சுங்குவார்சத்திரம் ரோட்டில் இருந்த ஒரு ஃபேன் கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று எஸ்தர் வந்து சொன்னாள். அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆடியில் யாரும் புது வேலையில் சேர மாட்டார்கள், அதனால்தான் நமக்கு இடம் கிடைத்தது என்று அவள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி என்றால் இப்போது ஒரகடத்தில் நிற்கிறதே, கண்ணாடி மாளிகைகள், அப்படியெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தகரக் கூரை போட்ட ஒரு நீள ஷெட். சுற்றிலும் கடலைக் கொல்லை. நடுவில் கருப்பு ரப்பர் பெல்ட் ஒன்று ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகரும். அதுதான் லைன். இரண்டு பக்கமும் அவரவர் இடத்தில் நாங்கள் நிற்போம், அந்த இடத்தை ஸ்டேஷன் என்போம். ஃபேனின் வயிறு, அதாவது காயில் கட்டிய மோட்டார் மட்டும், வார்னிஷ் வாசனையோடு மொட்டையாக ஒரு கோடியில் ஏறும். ஒருத்தி பேரிங் போடுவாள், ஒருத்தி வயரைக் கோப்பாள், என்னிடம் வரும்போது நான் மேல் மூடியை மூடி ஸ்குரூ முடுக்குவேன், எதிரில் எஸ்தர் துடைத்துப் பார்த்துத் தள்ளுவாள். கடைசிக் கோடிக்குப் போகும்போது அது முழு ஃபேன். அங்கே இறக்கை மாட்டி, வரிசையாகக் கொக்கிகளில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு டெஸ்டிங் என்று பெயர். வேலை செய்யும் எங்கள் தலைக்கு மேலே ஒரு ஃபேன்கூடக் கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அத்தனை ஃபேனும் சுற்றும், நாங்கள் வியர்வையில் நனைவோம், சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குச் சட்டியோடு டெஸ்டிங்குக்கு ஓடுவோம்.

காலையில் சங்கு ஊதியதும் சூப்பர்வைசர் லைனை ஓட்டும் லிவரை மேலே தள்ளுவார். பெல்ட் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு கணம் யோசித்து, பிறகு நகரும். அந்த முதல் இழுப்புக்காகவே நான் தினமும் சீக்கிரம் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். தனித்தனியாக நின்று கதையடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த இழுப்பில் ஒரே ஆளாகிவிடுவோம். முதல் நாள் பெல்ட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தேன். சுவர் எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. மயக்கம் என்று நினைத்து எஸ்தரைப் பிடித்துக்கொண்டேன். “எனக்கும் அப்படித்தான் கீது, காட்டிக்காத, அனுப்பிடப் போறாங்க” என்றாள்.

லைனுக்கு ஒரே சட்டம்தான், அது யாருக்காகவும் நிற்காது. மூக்கு அரித்தாலும் நிற்காது, முதலாளி வந்தாலும் நிற்காது. நம் கை தாமதித்தால் அடுத்தவள் கை தவிக்கும். வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இங்கே நான் ஒரு ஸ்குரூவை விட்டால் கோடி வரைக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கடலையும் போடுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அப்படிப்பட்டவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்றவும் முடியாது. கம்பெனி, லைன் என்ற சொற்கள் அவர் வாயில் வரவே வராது. ‘அந்த ஷெட்டு’ என்பார். புரட்டாசி பிறந்த கையோடு ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

“தீபாவளியோட அந்த ஷெட்டுக்குப் போறத நிறுத்திக்கோ.”

“ஏம்பா?”

“உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துக்கு எதுக்குப் புள்ளய அனுப்பறேன்னு நாலு பேரு கேக்கறாங்க. எங்கிட்டப் பதில் இல்ல.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பதில் இல்லை என்று ஒரு மனிதர் சொன்னால் என்ன செய்வது? நான் அழுதேன். அம்மாதான் அப்பாவிடம் ஒரு வழி சொன்னாள். “ஆயுத பூசைக்கு வூட்டு ஆளுங்கள உள்ள வுடறாங்களாம். போய் உங்கண்ணால பாத்துட்டு வந்து பேசு” என்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார்.

நான் துள்ளிக் குதித்தேன். அப்பா வந்து லைனைப் பார்த்தால் போதும், வேறு பேச்சே வேண்டாம். மறுநாள் எஸ்தரிடம் சொன்னபோது அவள் முகம் என்னவோ போலானது. “ஆயுத பூசை அன்னிக்கு லைன் ஏதுடி? எல்லாத்தையும் கழுவி, பொட்டு வெச்சி, படுக்க வெச்சிருப்பாங்க” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷத்தில் ஒரு நாள்தான் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். அந்த ஒரு நாள்தான் லைன் ஓடாது. அத்தனை வீட்டு ஆட்களும் எத்தனையோ கம்பெனிகளில் இப்படித்தான், பிள்ளைகள் பார்க்கும் வேலையை அது தூங்கும் வேளையில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்பா வந்து பார்த்தால் ஒரு கருப்பு ரப்பர் துண்டு அசையாமல் கிடக்கும். இதற்கா இத்தனை நாள் அழுதாய் என்பார்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். சங்கரபாண்டியன் சார், திருநெல்வேலிப் பக்கம். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. ஒரு நிமிஷம், அரை நிமிஷம் லைனை ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

“பூசை போட்ட மிஷின ஓட்டச் சொல்லுதியாம்மா? எங்கூர்ல அன்னைக்கு அருவாளக்கூடத் தொட மாட்டாவ. மறுநாள் கத்தியத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் எடுப்பாவ.”

எங்கள் ஊரிலும் அப்படித்தான். அப்பாவே அன்றைக்குப் பம்ப் செட்டைத் தொட மாட்டார், பயிர் வாடினாலும் சரி. அதனால் மேலே வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. சீக்கிரம் நின்றதில் எல்லோருக்கும் குஷி. பெல்ட்டிலிருந்த பாதி முடிந்த ஃபேன்களை இறக்கி வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் போட்டு பெல்ட்டைத் தேய்த்துக் கழுவினோம். கரண்ட் திரும்பி வருவதற்குள், ஈரக் கையும் சந்தனக் கையுமாக சுவிட்ச் போர்டுகளைத் தொடுவார்களே என்று எலக்ட்ரீஷியன் முனுசாமி அண்ணன் வெளியே மெயின் ரூமுக்குப் போய் மெயினை இறக்கிவிட்டார். பொறுப்பான மனிதர். எல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. லைன் தானாக நின்றுவிட்டதால் லிவரைக் கீழே இறக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மேலே தள்ளியது மேலேயே இருந்தது. அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பெரிதாக ஒரு சாமந்தி மாலையும் போட்டுவிட்டோம்.

படையலை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. அவ்வளவு பெரிய மேசை கம்பெனியில் இல்லை. “லைன்தான நமக்குச் சாமி, அதுமேலயே படைச்சா இன்னா?” என்றாள் ஒருத்தி. எல்லோருக்கும் பிடித்துப்போனது. மறுநாள் காலையில் பெல்ட் மேலே வாழை இலை பரப்பி, கோடியிலிருந்து கோடி வரைக்கும் தட்டு தட்டாக வைத்தோம். பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம், உடைத்த தேங்காய் மூடி, ஸ்குரூ டிரைவர்கள், என் இடத்துக்கு முந்தின இடத்தில் குத்துவிளக்கு. பூ அலங்காரம் எல்லாம் எஸ்தர்தான். கிறிஸ்தவப் பெண், சர்ச்சில் வருஷா வருஷம் குடில் கட்டிப் பழகிய கை.

அப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். நெற்றியில் எங்கள் வீட்டு ஏர் கலப்பைக்கு வைத்த குங்குமம். அவரைக் கடைசிக் கோடியில், டெஸ்டிங் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் லைனைக் காட்டி, இங்கே இது, அங்கே அது என்று கையாட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாக, “இந்த ரப்பரு மேல வெச்சி முடுக்கறீங்க. அவ்ளோதான?” என்றார். ஆமாம் என்பதைத் தவிர என்ன சொல்ல? தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது.

பூஜை முடிந்தது. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். தகரக் கூரைக்கடியில் அத்தனை கூட்டம், புழுக்கத்தில் குழந்தைகள் வீறிட்டு அழுதன. ஆபீஸ் ரூம் ஃபேனையாவது போட்டுக் குழந்தைகளை அங்கே உட்காரவைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முனுசாமி அண்ணன் வெளியே போய் மெயினைப் போட்டார். போட்டுவிட்டு, ரூமைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்க ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

லைன் ஒரு இழுப்பு இழுத்தது. ஒரு கணம் யோசித்தது. பிறகு நகர்ந்தது.

பொரித் தட்டும், பழத் தட்டும், தேங்காய் மூடிகளும், விளக்கும் ஊர்வலமாகப் புறப்பட்டன. கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் சாமி வந்துவிட்டது என்றே நினைத்தேன். முதலில் சுதாரித்தவர் சங்கரபாண்டியன் சார். லிவரிடம் ஓடினார். கை கிட்டே போனது. சந்தனம், குங்குமம், மாலை. கை அப்படியே நின்றுவிட்டது.

“எஸ்தர், நீ வாம்மா. நீ தொட்டாத் தப்பில்லல்லா?”

“ஏன் சார், எனக்கு மட்டும் இது மேல மரியாத இல்லியா?” என்றாள் எஸ்தர். லிவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதற்குள் தன் இடத்தில் போய் நின்று கையில் ஒரு தட்டைத் தூக்கியிருந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பட்டுப் புடவையும் கனகாம்பரமுமாக வந்திருந்த அத்தனை பெண்களும் அவரவர் இடத்துக்கு ஓடிப்போய் நின்றிருந்தார்கள். தட்டு எங்கே போகிறது என்று துரத்தி ஓடியவள் ஒருத்தியும் இல்லை. நம் இடத்துக்கு வருவதை நாம் எடுக்க வேண்டும், நாம் விட்டதை அடுத்தவள் எடுப்பாள். நானும் என் இடத்தில் நின்றேன். குத்துவிளக்கு எரிந்தபடி என்னை நோக்கி வந்தது. இடது கையால் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு, வலது கையால் வருகிற தட்டுகளை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். எண்ணெய் கையில் வழிந்தது. சூடு உறைக்கவே இல்லை.

ஆனால் படையல் ஏராளம், கை கொஞ்சம். தப்பியதெல்லாம் கடைசிக் கோடிக்குப் போனது. அங்கே நிற்க வேண்டியவள் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தாள். முதல் தேங்காய் மூடி விழுந்து உருண்டது. அடுத்து ஒரு பழத் தட்டு விளிம்புக்கு வந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெல்ட் முடியும் இடத்தில் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து டெஸ்டிங் ஃபேன்கள் வேகம் பிடித்தன. அவையும் முந்தின நாள் ஓடியபடியே விடப்பட்டவைதானே. வரிசையாக அத்தனையும் ஒரே மூச்சில் சுற்ற, பெல்ட் மேலே வந்துகொண்டிருந்த பொரி முழுவதும் கிளம்பிவிட்டது. ஷெட்டுக்குள் கார்த்திகை மாதத்து மழை மாதிரி வெள்ளையாகப் பொரி பறந்தது. அதற்கு நடுவில் அப்பா தலையிலும் புருவத்திலும் பொரியோடு நின்று, ஒரு தட்டை வாங்கி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தது வர, அடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை நிமிர்ந்து லைன் முழுவதையும் பார்த்தார். அத்தனை கைகளும் ஒரே தாளத்தில் எழுந்து இறங்குவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், எங்கள் ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கலில் வழிந்தபோது.

யாரோ ஓடிப்போய் முனுசாமி அண்ணனைக் கூட்டிவந்தார்கள். மெயினை இறக்கினார். லைன் நின்றது. ஃபேன்கள் ஓய்ந்தன. பொரி மெல்ல இறங்கித் தரையெல்லாம் படிந்தது. அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. அப்பா மட்டும் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தரை நவுறுதும்மா.”

“அப்படித்தாம்பா இருக்கும். சித்த நேரத்துல நின்னுடும்.”

சங்கரபாண்டியன் சார் அப்பாவிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கும் தோரணையில் கையைப் பிசைந்தார். “தீபாவளியோட பிள்ளைய நிறுத்தப் போறியளாமே? எஸ்தர் சொன்னா” என்றார். நான் விளக்கை இன்னும் கீழே வைக்கவில்லை.

அப்பா தலையிலிருந்த பொரியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“எப்படி சார் நிறுத்தறது? இந்தப் புள்ள கைய எடுத்துட்டா, பின்னாடி நிக்கறவன் தலைலதான எல்லாம் வந்து வுழுது.”

இன்றைக்கும் இதை எழுதும்போது எனக்குக் கண் நிறைகிறது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்று அது ஒன்றுதான். வேறு எதையும் நான் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டதில்லை. மறுநாள் டீக்கடையில் யாரோ வழக்கம்போல விசாரித்திருக்கிறார்கள். “எம்பொண்ணு லைன்ல கீது” என்றாராம். அந்தச் சொல்லை அவர் சொல்லிக் கேட்டதே கிடையாது என்று டீக்கடைக்காரர் அம்மாவிடம் வந்து சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா எனக்கு முன்னால் கிளம்பி நிற்பார். லிவரைக் கீழே இறக்கியாயிற்றா என்று சங்கரபாண்டியன் சார் தானே போய்த் தடவித் தடவிப் பார்ப்பார், படையலுக்கும் வாடகைக்கு மேசை வந்துவிட்டது. லைன் ஓடாது என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். பூஜை முடியும் வரைக்கும் பெல்ட் முடியும் இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருப்பார். புதுப் பெண்கள் யார் இவர் என்று கேட்டால், “கடைசி ஸ்டேஷன் ஆளு” என்பாள் எஸ்தர்.

எனக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து, நான் வேலையை விட்டு நின்ற பிறகு சில வருஷங்களில் கம்பெனியும் நின்றுவிட்டது. எஸ்தர் குடும்பம் ஓசூர்ப் பக்கம் போனது. கடலைக் கொல்லைகள் எல்லாம் கம்பெனிகளாயின. என் மகன் ஒரகடத்தில் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆயுத பூஜை இப்போதும் உண்டு. இனிப்பும் பொரியும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்புகிறார்கள். வீட்டு ஆட்களை உள்ளே விடுவதில்லை, போனைக்கூட கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களாம். அவன் அங்கே எங்கே நிற்கிறான், அவன் கைக்கு என்ன வருகிறது, அவன் கையிலிருந்து யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகிறேன். ஷெட் இருந்த பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற பெரிய மைதானமும், அதைச் சுற்றி நீளமாக ஒரு சுவரும் இருக்கின்றன. அந்தச் சுவருக்குப் பின்னால் எந்த இடத்தில் லைன் முடிந்தது, எந்த இடத்தில் அப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார் என்று எனக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை.